பூக்குழி மணலில் பதினோரு கூடு

இரண்டு கிலோ நெத்திலிக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு விரத வீட்டுக்குள் நுழையப் பார்த்த ஆள் நானாகத்தான் இருப்பேன். வேதாரண்யத்தில் நானே நின்று காயவைத்து வாங்கி, நான்கு உறை போட்டு, அதன்மேல் பழைய சேலையைச் சுற்றிக் கொண்டுபோனது. விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், போ போ என்று கையை ஆட்டினார். பாரு அப்படி விடவில்லை. வாசல் கேட்டிலேயே மறித்துக்கொண்டாள்.

"அக்கா! காப்புக் கட்டியாச்சுலா! என்னாத்தத் தூக்கிட்டு வர்றீங்க? வெளியே வைங்க, மொதல்ல வெளியே வைங்க!"

அவள் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு விரலி மஞ்சளும் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வீட்டில் கவிச்சி கிடையாது. எல்லை தாண்டிப் போகக் கூடாது. எல்லைக்குள் ஓர் எறும்பைக்கூட வேண்டுமென்று நசுக்கக் கூடாது. இதெல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு, எனக்குத் தெரியாததில்லை. நாளை எண்ணிப் பார்க்காமல் வந்தது என் மடத்தனம். கருவாடு பாருவின் கணவர் கோபாலின் லாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நான் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

பாரு என் சித்தி மகள். சித்தி கல்யாணமாகி மலாயாவுக்குப் போனவர். பாரு அங்கே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில், பிறந்து வளர்ந்து, பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டு, இப்போது லுக்குட்டில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். அதற்குப் போய்வர மட்டும் அம்மனிடம் தனியாக அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னாள். அம்மன் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "சரின்னு சொல்லிட்டா" என்றாள், மேலாளரிடம் லீவு வாங்கியவள் மாதிரி.

என்னை அவள் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் கோபாலுக்கு நெஞ்சில் ஆப்பரேஷன். அவர் எழுந்து வந்தால் தோட்டத்து மாரியம்மனுக்குத் தீ மிதிப்பதாகப் பாரு நேர்ந்துகொண்டாள். அவர் எழுந்து வந்தார். சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் இவள் மஞ்சள் சேலை கட்டி, வரிசையில் நின்று, பூக்குழியில் கங்கு பரப்பிய நேரத்தில் கடல் தண்ணீர் மண்கரையைத் தாண்டி வந்து குழியில் இறங்கிவிட்டது. புஸ்ஸென்று ஒரே புகை. நெருப்புப் போச்சு, நேர்த்திக்கடனும் நின்றுபோச்சு. இந்த வருஷம் எப்படியும் இறங்கிவிடுவது, நம் பக்கத்து மனுஷியாக நீங்கள் ஒருத்தராவது கூட நிற்க வேண்டும் என்று ஆறு மாதமாகப் போனில் நச்சரித்தாள்.

எனக்கு இந்த நேர்த்திக்கடன் பிடிக்கவேயில்லை. பாருவுக்குச் சர்க்கரை இருக்கிறது, கொஞ்சநஞ்சம் இல்லை. கால் விரலில் செருப்புக் கடித்த புண் ஆறவே ஒன்றரை மாதம் ஆனதை அவளே சொல்லியிருக்கிறாள். "இந்தக் காலை வைத்துக்கொண்டு நெருப்பில் இறங்குவாயா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். "ஆத்தா பாத்துக்குவா" என்றாள். கோபாலைப் பார்த்தேன். அவர் டிவியில் ஏதோ சமையல் போட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் புதன்கிழமை. "பசியாறிட்டுப் போவோம்க்கா" என்று கோபால் ஒரு கடைக்கு அழைத்துப்போனார். காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்ற சொல்லை இன்னும் வைத்துக்கொண்டிருக்கும் இவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு. தேநீர் வந்த குவளையைப் பார்த்து மலைத்துப்போனேன். எங்கள் ஊரில் நான்கு பேருக்குப் பங்கு வைக்கலாம். முழுக்கக் குடித்துவிட்டு இன்னொரு ரொட்டியும் சொன்னேன்.

தோட்டத்துக்குக் காகிதத்தில் ஏதோ ஆங்கிலப் பெயர் இருக்கிறது. ஜனங்கள் உப்புத்தண்ணித் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர்; இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. கடல் பக்கம் நீளமாக ஒரு மண்கரை, அதற்கு அப்பால் எங்கள் முத்துப்பேட்டை மாதிரியே அலையாத்திக் காடு. கரையோரச் செம்பனை வரிசை மஞ்சளடித்து, மட்டை தொங்கி, குலை இல்லாமல் நின்றது. உப்பு ஏறிவிட்டது என்றார் கோபால். லயத்து ஆட்கள் லுக்குட், போர்டிக்சன், நீலாய் என்று வேலைக்குப் பரவிவிட்டாலும் திருவிழாவுக்கு எல்லாரும் இங்கே வந்துவிடுகிறார்கள்.

கோயில் திடலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வருஷம் தண்ணீரால் பட்ட அவமானத்துக்குப் பிறகு, கோயில் கமிட்டி திடலை இடுப்பளவு உயர்த்தியிருந்தது. செம்மண் போட்டால் சேறாகும், பால்குடம் எடுக்கிறவர்கள் வழுக்கி விழுவார்கள் என்று, ஆற்று முகத்துவாரத்தில் தூர் வாரிய கடல் மணலை வாங்கிக் கொட்டியிருக்கிறார்கள். லாரி ஓட்டியது கோபால்தான். வெள்ளை மணல், நிறையச் சிப்பி, பேருக்கு ஒரு புல் பூண்டு இல்லை. அசல் கடற்கரை. அம்மன் வாசலில் யாரோ ஒரு துண்டுக் கடற்கரையைப் பெயர்த்து வைத்த மாதிரி இருந்தது.

கமிட்டித் தலைவர் மாரிமுத்து அந்த நேரம் கயிறும் முளைக்குச்சியுமாகக் குழி அளக்க இறங்கியிருந்தார். தோட்டத்து வேலையாட்களை மேய்த்த முன்னாள் மண்டோர், கனத்த குரல். அவர் நான்கு அடி வைத்ததும் வெள்ளையாக ஒன்று வானத்திலிருந்து அம்பு மாதிரி இறங்கி அவர் தலையைத் தொட்டுவிட்டு மேலே போனது. அடுத்தது அவர் தலைத்துண்டில் சரியாக எச்சம் போட்டது. மூன்றாவது, நான்காவது. கீச்சுக் கீச்சென்று ஒரே ரகளை. தலைவர் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மூணு நாளா இதே கதைலா டீச்சர்" என்றார் மூச்சிரைக்க. "ஆத்தாவுக்கு என்ன கோவம்னு தெரியல. குறி கேக்கலாமான்னு பாக்குறோம்."

எனக்குக் கை கால் பரபரத்தது. மஞ்சள் அலகு, அதன் நுனியில் கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, கையடக்கமான உடம்பு. சின்ன ஆலா என்கிற கடற்பறவை! முப்பது வருஷம் உயிரியல் வாத்தியாரம்மாவாக இருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே பைத்தியம் இதுதான். லீவு நாளெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு கோடியக்கரைப் பக்கம் மணல் திட்டுகளில் ஆலாக் கூடு எண்ணிக்கொண்டு திரிந்தவள் நான். "யாரும் அசையாதீங்க" என்று கத்தினேன். எல்லாரும் பாம்பு என்று நினைத்துச் சிலையாகிவிட்டார்கள்.

குனிந்து பார்த்துப் பார்த்து அடி வைத்தேன். கூடு என்றால் குச்சி கட்டிய கூடு இல்லை, மணலில் உள்ளங்கையளவு பள்ளம். அதில் இரண்டு அல்லது மூன்று முட்டை, மணல் நிறத்தில் புள்ளி போட்டு, கல்லோடு கல்லாக. பதினோரு கூடு இருந்தது. அதில் ஏழு, பூக்குழி வெட்ட வேண்டிய இடத்துக்குள்ளேயே.

கேன்டீன் வேலை முடிந்து பாருவும் வந்துவிட்டாள்; சாயங்காலப் பூஜை முடிந்து கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். தலைவர் என்னை நடுவில் உட்காரவைத்தார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. இந்த முட்டைய அலுங்காம ஒரு தட்டுல எடுத்து அந்தாண்ட வச்சா, அதுங்க போய் உக்காந்துக்கும்லா?"

"உக்காராதுங்க தலைவரே."

"கோழி உக்காருதே?"

"கோழிக்கு முட்டைதான் அடையாளம். இதுக்கு எடம்தான் அடையாளம். நகத்திட்டா விட்டுட்டுப் போயிடும். அரை மணி நேரம் வெயில்ல கெடந்தா முட்டை வெந்துடும். இல்லாட்டி காக்கா தின்னுடும்."

"பொரிக்க எத்தன நாளு?"

"இட்டதிலேருந்து மூணு வாரம். இப்பதான் ஒரு வாரம் ஆயிருக்கும் போலிருக்கு."

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமியை யாரும் தள்ளிவைக்க முடியாது. குழி அம்மன் பார்வைக்கு நேராகத்தான் இருக்க வேண்டும், தண்ணீர் ஏறாத இடமும் இந்தத் திடல் ஒன்றுதான். கொட்டகையில் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். காப்புக் கட்டின எல்லைக்குள் உயிரைக் கொன்று தீ மிதிப்பதா என்றார்கள் சிலர். குருவி முட்டைக்காக ஆத்தாவின் குழியை நிறுத்துவதா என்றார்கள் வேறு சிலர். தலைவர் கையை உயர்த்தினார்.

"ஒன்பது பேரு தீ மிதிக்கப் பேரு குடுத்துருக்காங்க. எட்டுப் பேரு இந்த வருசம் நேந்தவங்க. பாரு ஒருத்திதான் போன வருசமே நின்னுபோனவ. நின்னுபோனவங்கதான் மொதல்ல எறங்கணும், அது இங்க பழக்கம். அதனால அவ வாயால சொல்லட்டும். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லு, தாயி."

காரில் ஏறியதும் பாரு வெடித்துவிட்டாள்.

"நீங்க ஏங்க்கா வந்தீங்க? நான் எறங்குறப்ப கூட நில்லுங்கன்னுதானே கூப்பிட்டேன்? நீங்க குருவி பக்கத்துல போயி நின்னுக்கிட்டீங்க! ஒரு வருசமா அவரு இருமுனாலே நான் எந்திரிச்சு உக்காந்துக்குறேன். கடன் நிக்குது, கடன் நிக்குதுன்னு மனசு அடிச்சுக்குது. ஒங்களுக்கு என்னா தெரியும்?"

வீட்டுக்கு வந்து கோபமாகவே ரசம் வைத்தாள், கோபமாகவே எனக்கு மூன்று அப்பளம் பொரித்துப் போட்டாள். நான் ஆலாவுக்காகச் சொன்னேனா, அவள் காலுக்காகச் சொன்னேனா என்று என்னையே கேட்டுக்கொண்டு படுத்தேன். இரண்டுக்கும்தான் என்று பட்டது. முட்டையைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதும் உண்மை.

வியாழக்கிழமை பாரு என்னோடு பேசாமல் கேன்டீனுக்குப் போனாள். இந்த ஆலாக்கள் இத்தனை நாள் எங்கே கூடு வைத்தன என்று பார்க்க வேண்டும் என்றேன் கோபாலிடம். அவர் தனக்குத் தெரிந்த மீனவர் ஒருவரிடம் அழைத்துப்போனார். தோட்டத்தை ஒட்டிய மலாய்க் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், இருப்பவர். பாங் மாட் என்று கூப்பிடுகிறார்கள், மாட் அண்ணன் என்று அர்த்தம். லாரியில் தூங்கிய கருவாட்டை அவர் கையில் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்து மோந்துவிட்டு நெஞ்சில் கை வைத்து வணங்கினார். உடனே படகை இழுத்தார்.

ஆற்று வாயிலிருந்து வெளியே வந்தால் மணல் திட்டு. அவர் சுக்கான் பிடித்தபடி மலாயில் சொல்லச் சொல்ல, கோபால் தமிழில் சொன்னார். "சின்ன வயசுல இந்தத் திட்டுல பந்து வெளையாடுவாங்களாம். பௌர்ணமித் தண்ணியிலயும் நடுவுல ஒரு மேடு காஞ்சே கெடக்குமாம். அங்கதான் இந்தக் குருவிங்க முட்ட வைக்குமாம்."

அந்த மேட்டில் ஏறிப் பார்த்தேன். வற்றுத் தண்ணீர் நேரத்திலேயே முழங்கால் உயரம்தான் தெரிந்தது. மேல்புறம்வரை பாசி படிந்து ஈரம். பழைய பள்ளங்கள் இரண்டு, பாதி தூர்ந்து. கடற்பாசிக் குப்பையோடு ஒரு முட்டை ஒதுங்கிக் கிடந்தது. எடுத்தேன், கனமே இல்லை. அழுகிக் காய்ந்துபோன முட்டை. போன மாதப் பௌர்ணமியா, அமாவாசையா, எந்தத் தண்ணீர் கொண்டுபோனதோ தெரியவில்லை. எங்கள் பக்கமும் இதேதான். நான் எண்ணத் தொடங்கிய காலத்தில் வருஷா வருஷம் கூடு இருந்த திட்டு இரண்டு இப்போது வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. எங்கள் ஆலாக்கள் உப்பளத்து வரப்பில் வந்து முட்டையிடுகின்றன, உப்பு வாருகிறவன் காலடியில். கடல் சூடாகிறது, உயர்கிறது என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள்தான் நான். அந்த முட்டையைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படவில்லை.

திரும்ப வரும்போது படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. என்னால்தான், நான்தான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நேரத்தைக் கடத்தினேன். தண்ணீர் திரும்பி ஏறும் மத்தியானம்வரைக்கும் அங்கேயே இருப்பு. வெயில் மண்டையைப் பிளந்தது. பாங் மாட் சிரித்துக்கொண்டே இலைப் பொட்டலங்களை எடுத்தார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிச் சம்பல், வெள்ளரிக்காய். நான் காப்புக் கட்டியவள் இல்லை, அதனால் தப்பில்லை என்று சொல்லிக்கொண்டு விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டேன். கோபாலும் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.

"பாருகிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றார், வாய் நிறையச் சோற்றோடு.

இந்த நெத்திலி கடையில் வாங்கியது என்றார் பாங் மாட். முன்பெல்லாம் அவர் வலையிலேயே விழுமாம். இப்போது தண்ணீர் சூடானால் நெத்திலி ஆழத்துக்குப் போய்விடுகிறது, வலையில் ஜெல்லி மீன்தான் ஏறுகிறது. ஆலாக்களும் முன்பு படகைச் சுற்றியே முக்குளிக்கும், இப்போது ரொம்ப தூரம் போய் மீன் கொண்டுவருகின்றன என்றார். புகாராகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். அதற்குள் தண்ணீர் ஏறிப் படகு லேசாக அசைந்தது.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் பாரு தானே திடலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. கோயில் எல்லைக்குள் செருப்பு ஆகாது என்று கழற்றிவிட்டு மணலில் கால் வைத்தவள் "ஸ்ஸ்" என்று கொட்டகை நிழலுக்குள் பாய்ந்துவிட்டாள். அங்கிருந்தே பார்த்தோம். பத்தடி தூரத்தில் ஓர் ஆலா முட்டைமேல் நின்றுகொண்டிருந்தது. உட்காரவில்லை. இறக்கையைப் பாதி விரித்துத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு, தன் நிழலை முட்டைமேல் போட்டு நின்றது.

"ஏங்க்கா அப்படி நிக்குது?" என்றாள். கோபம் மறந்துபோச்சு.

"வெயில்ல முட்டை வேகாம இருக்க. கொஞ்ச நேரத்துல ஜோடி வரும் பாரு."

வந்தது. வயிற்றைக் கடலில் நனைத்துக்கொண்டு வந்திருந்தது. நின்றது பறந்துபோக, வந்தது ஈர வயிற்றை முட்டைமேல் வைத்து அழுத்தி எழுந்து, அதே மாதிரி இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. பாரு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்நேரம் வரைக்கும்?"

"பொழுது சாயுற வரைக்கும்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"சனியனுங்க" என்றாள் பாரு. "ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"கெடைக்கலை பாரு. நேத்து அதுங்க எடத்தப் பாத்துட்டுதான் வந்தேன். தண்ணிக்குள்ள போயிடுச்சு."

"நாங்களும் அந்தத் தண்ணிக்குப் பயந்துதானே மண்ணு கொட்டுனோம்" என்றாள். பிறகு மூக்கைச் சிந்தினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், தலைவரைத் தேடிப் போனாள். அவர் விறகு இறக்குகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் குழி வேணாம் தலைவரே."

அவர் விறகுக்காரர்களை விட்டுவிட்டுத் திரும்பினார். "நல்லா யோசிச்சியா? ரெண்டாவது வருசம்லா."

"யோசிச்சாச்சு."

"ஆத்தாகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

சொன்னாள். கருவறை முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஞாயம் கேட்கிற மாதிரி, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. "நீயே பாத்துக்கிட்டுதானே இருக்க? ஒன் வாசல்ல வந்து பெத்துப் போட்டுருக்குதுங்க, நான் என்னா பண்ணுவேன்? அடுத்த வருசம் கண்டிப்பா எறங்குறேன். அதுவரைக்கும் அவர ஒண்ணும் பண்ணிடாத. கேக்குதா? ஒண்ணும் பண்ணிடாத." கடைசியில் குரல் உடைந்துவிட்டது. நான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். தட்டிவிடவில்லை.

சனிக்கிழமை தலைவர் ஒரு காரியம் செய்தார். கூடுகளைச் சுற்றி மூங்கில் முளை அடித்துக் கயிறு கட்டச் சொன்னார். பூசாரியை அழைத்து ஒவ்வொரு முளையிலும் மஞ்சள் வைத்துக் காப்புக் கட்டச் சொன்னார். "இனிமே இதுக்குள்ள எவனாச்சும் கால வச்சான், நான் பேச மாட்டேன், ஆத்தா பேசுவா" என்று மைக்கில் மூன்று முறை அறிவித்தார். எத்தனை நாட்டில் எத்தனை அதிகாரி பலகை நட்டு எழுதினாலும் இப்படி வேலை செய்யாது. சின்னப் பிள்ளைகூடக் கயிற்றைத் தொடவில்லை. காக்கையை விரட்ட இரண்டிரண்டு பேராக முறை வைத்தார்கள், தீ மிதிக்கப் பேர் கொடுத்த ஒன்பது பேரும் தங்களுக்கே முதல் முறை வேண்டும் என்று சண்டை போட்டார்கள். பூக்குழிக்கு வந்த கித்தாக் கட்டைகள் அன்னதான அடுப்புக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே கூட்டம். பால்குடம் திடலுக்குள் வராமல் தோட்டத்துச் சாலையிலேயே சுற்றிப் பின்பக்கமாகக் கோயிலுக்கு வந்தது. உருமி மேளக்காரர்களைச் செம்பனைக்குள் தள்ளி நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் முகத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. மத்தியானம் சோறு, சாம்பார், பயற்றுக் கூட்டு, பாயசம். கித்தாக் கட்டை நெருப்பில் வெந்த சாம்பாருக்கு ஒரு தனி ருசி. நான் மூன்றாம் முறை கை நீட்டியபோது பரிமாறிய பெண் "டீச்சர் ஆலாவ மாதிரி தூரமா பறக்கப் போறாங்க போல" என்றாள். கொட்டகையே சிரித்தது.

பொழுது சாயும் நேரம் தண்ணீர் வந்தது. அலையடித்து வரவில்லை. செம்பனை அடிமரங்களுக்கு நடுவில் சத்தமில்லாமல் பரவி வந்தது. சாலை மூழ்கியது, திடல் மட்டும் தீவாக நின்றது. நாங்கள் எல்லாரும் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நின்றோம், அம்மன், ஜனங்கள், ஆலாக்கள். கடல் பக்கத்து விளிம்பில் மூன்று கூடுகள் இருந்தன. போன வருஷத்தைவிட ஒரு சாண் அதிகம் என்று யாரோ சொல்லும்போதே விளிம்பு மணல் சரிய ஆரம்பித்தது.

"சாக்கு!" என்று தலைவர் கத்தினார். உரச்சாக்குகளில் பின்பக்கத்து மணலை அள்ளி நிரப்பித் தண்ணீருக்குள் இறங்கினார்கள் அந்த ஒன்பது பேரும், மஞ்சள் துணியோடு, கையில் காப்போடு. பாரு முழங்கால் தண்ணீரில் நின்று சாக்கை வாங்கி வாங்கி அடுக்கினாள். தலைமேல் ஆலாக்கள் கொத்த வந்தன, எச்சம் போட்டன. "நன்றி கெட்டதுங்களா, ஒங்களுக்குத்தான்டி செய்யிறோம்!" என்று அண்ணாந்து திட்டிக்கொண்டே அடுக்கினாள். ஒரு கூடு போய்விட்டது. சாக்கு வருவதற்குள் மணலோடு மணலாகச் சரிந்துவிட்டது. அந்த ஜோடி வெகு நேரம் அந்த இடத்துக்கு மேலேயே கத்திக்கொண்டு வட்டமிட்டது. மற்ற பத்தும் தப்பின. தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக வந்து முட்டைமேல் உட்கார்ந்தன. எங்களுக்கு அன்றைக்குப் பாயசம் இரண்டாம் தடவையும் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை நான் கிளம்பினேன். பாரு கேன்டீனுக்குப் போகும் வழியில் என்னைக் கட்டிப்பிடித்து, "அடுத்த வருசம் எறங்கும்போது கண்டிப்பா வரணும்க்கா, குருவியப் பாக்காம என்னைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். விமான நிலையத்துக்குக் கோபால் காரில் கூட்டிப்போனார். நீலாய் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். இதையும் பாருகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லலை, சொல்லுங்க மாப்பிள்ளை."

"அவ எனக்காக நேந்துக்கிட்டான்னு ஆஸ்பத்திரியில வந்து சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் காலு பொத்துச்சுன்னா ஆறாதுக்கா, வெரல எடுப்பாங்க, அப்பறம் பாதத்த எடுப்பாங்க. எறங்காதேன்னு சொன்னா கேப்பாளா? அதனால கட்டில்ல படுத்துக்கிட்டே நானும் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். என்ன பண்ணுவியோ தெரியாது, இவள நெருப்புல எறங்க விட்டுடாத தாயின்னு." ஒரு லாரிக்கு வழி விட்டார். "போன வருசம் தண்ணி வந்துச்சு. இந்த வருசம் குருவி வந்துச்சு."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கக்கா. அந்தத் திட்டுல நீங்க முட்டைய வச்சுக்கிட்டு அழுதீங்கள்ல, அன்னையிலேருந்து எனக்கு மனசே சரியில்ல. குருவிக்கு எடம் போச்சு. பாங் மாட்டுக்கு மீனு போச்சு. செம்பனை காயுது. எல்லாம் நான் வேண்டிக்கிட்டதாலதானோ? நீங்க சயின்ஸ் டீச்சரு, நெசத்தச் சொல்லுங்க. கடலு மேல வர்றது என்னாலயா?"

முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை இப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. வகுப்பில் சொல்லும் பதில்கள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அவர் சாலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க ஒருத்தரால இல்ல மாப்பிள்ளை" என்றேன்.

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்துப் பெரிதாக மூச்சு விட்டார். "அப்ப சரிலா." முகம் தெளிந்துவிட்டது. வெளியே வெயில் கொளுத்தியது. ஏர்கோன் குளிரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, முன்னால் போன லாரியை முந்தினார்.